ஏணியின் கோணத்தை யாரிடம் கேட்பது?

புதுதில்லி: யமுனைக்கு அக்கரையில், கிழக்குத் தில்லியின் நெரிசலான குடியிருப்பு ஒன்றின் நடுவே உள்ள பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை காலை. சீருடைப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க 11 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து நேராக வந்துவிட்ட காவலாளி, துணிக்கடை விற்பனையாளர், வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த பெண்கள் இருவர், ஒன்பதாம் வகுப்பில் இருமுறை தோற்றதால் பள்ளியிலிருந்து வெளியேறிய இளைஞர்கள் சிலர். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்புக் கணிதப் பாடத்துக்கான நேர்முக வகுப்பு அது.

கடைசி பெஞ்சில் இருப்பவருக்கு வயது 36. பிகாரில் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு உறவினர் ஒருவருடன் தில்லிக்கு ரயிலேறியவர். 21 ஆண்டுகளாக வயரிங் வேலை. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் இரண்டு வாரங்களாக ஒரே கணக்கு விடை காணாமல் நிற்கிறது. 10 மீட்டர் நீளமுள்ள ஓர் ஏணி, தரையுடன் 60 டிகிரி கோணம் ஏற்படும்படி சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அது சுவரைத் தொடும் உயரம் எவ்வளவு?

ஏணியில் ஏறியே வாழ்க்கையை ஓட்டியவரால் ஏணிக் கணக்கைப் போட இயலவில்லை. இந்த வேடிக்கையை அவரே சொல்லிச் சிரிக்கிறார். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதன்று. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேர வேண்டுமானால் அறிவியலும் கணிதமும் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அந்தச் சான்றிதழ் இல்லாதவரை, எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும், ஒப்பந்தக்காரரின் கணக்கில் அவர் 'ஹெல்பர்'தான், கூலியும் அதற்கேற்பத்தான். அவரிடம் வேலை கற்றுக்கொண்டு பிறகு ஐ.டி.ஐ. முடித்த பையன் இன்று அவரைவிட அதிகம் வாங்குகிறான்.

முதலில் அவர் உதவி கேட்டது தன் மகளிடம். அவளும் பத்தாம் வகுப்பு. ஒரே ஆண்டில் ஒரே பாடத்தை அப்பாவும் மகளும் படிக்கும் வீடுகள் தில்லியின் இத்தகைய குடியிருப்புகளில் அரிதல்ல. 'பண்டித் பத்ரி பிரசாத், ஹர் ஹர் போலே' என்று அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வட இந்தியப் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யும் வாய்பாடு இது. முதல் மூன்று சொற்களின் ஆங்கில முதலெழுத்துகளுக்குக் கீழே அடுத்த மூன்றின் முதலெழுத்துகளை எழுதினால் சைன், கொசைன், டேன்ஜென்ட் மூன்றும் வரிசையாகக் கிடைத்துவிடும்: செங்குத்துப் பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் சைன், அடிப்பக்கத்தைக் கர்ணத்தால் வகுத்தால் கொசைன், செங்குத்தை அடிப்பக்கத்தால் வகுத்தால் டேன்ஜென்ட்.

அப்பா ஒரே மாலையில் அதை மனப்பாடம் செய்துவிட்டார். ஆனால் கணக்கில் ஏணி, சுவர், தரை என்றுதான் இருக்கிறது. இவற்றில் எது கர்ணம் என்று பண்டித் பத்ரி பிரசாத் சொல்வதில்லை. மகளிடம் இரண்டாம் முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது, "பாப்பா, இதுகூடவா புரியவில்லை?" என்றாள் அவள். இந்தியில் 'பாப்பா' என்றால் அப்பா. நான்காம் முறை அவர் கேட்கவில்லை.

பள்ளியை விட்டுப் பல ஆண்டுகள் ஆனவர்களுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அனைவரும் அறிந்த இடம் இது. முக்கோணவியல் தனியாக வருவதில்லை. அதற்குப் பின்னால் பிதாகரஸ் தேற்றம் நிற்கிறது. அதற்குப் பின்னால் வர்க்கமூலம். அதற்கும் பின்னால் விகிதம், பின்னம், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது. 15 வயதுப் பிள்ளைக்கு இவையெல்லாம் சென்ற ஆண்டுப் பாடங்கள். 36 வயதுக்காரருக்கு அவை போன பிறவி. "இந்தக் கணக்கை எப்படிப் போடுவது?" என்று அவர் கேட்கும்போது, உண்மையில் ஐந்தாறு வகுப்புகளின் பாடத்தைச் சேர்த்துக் கேட்கிறார். விடை சொல்பவருக்கு அது தெரிவதில்லை. பல வேளைகளில் கேட்பவருக்கும் தெரிவதில்லை.

இவர்களுக்காக ஒரு நிறுவனம் இல்லாமலில்லை. மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தின் (சி.பி.எஸ்.இ.) ஒரு திட்டமாக 1979-இல் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளி, 1989 நவம்பரில் தேசியத் திறந்தநிலைப் பள்ளி என்ற தன்னாட்சி அமைப்பாயிற்று. 2002-இல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் (என்.ஐ.ஓ.எஸ்.) என்று பெயர் மாறியது. தலைமையகம் தில்லியை ஒட்டிய நொய்டாவில் இருக்கிறது. உலகின் மிகப் பெரிய திறந்தநிலைப் பள்ளி அமைப்பு என்று தன்னைக் கூறிக்கொள்கிறது.

அதன் விதிகள் தாராளமானவை என்பதில் ஐயமில்லை. 14 வயது நிறைந்த எவரும் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். உச்ச வயது வரம்பு கிடையாது. ஒரு முறை பதிவு செய்தால் 5 ஆண்டுகள் செல்லும். ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் பொதுத் தேர்வுகளில் மொத்தம் 9 வாய்ப்புகள் உண்டு. ஒரு பாடத்தில் தேறிவிட்டால் அந்த மதிப்பெண் கணக்கில் நிற்கும். மீதிப் பாடங்களை முடிகிறபோது எழுதிக்கொள்ளலாம். ஒரு பாடம் போனாலும் மொத்தமும் போயிற்று என்றிருந்த காலத்தைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

கணிதமும் கட்டாயமில்லை. ஒரு மொழியையாவது சேர்த்து 5 பாடங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஆகவே மையங்களில் விவரம் கேட்க வருபவர்களிடம் பலரும் முதலில் சொல்லும் அறிவுரை, "கணக்கை எடுக்காதே" என்பதுதான். எடுக்காதவர் எளிதில் தேறிவிடுகிறார். ஆனால் எலெக்ட்ரீஷியன் பிரிவு போன்ற பல தொழிற்படிப்புகளின் வாசல் அவருக்கு மூடியே இருக்கிறது. கணக்கை எடுத்தவர் வாசல் வரை வந்து ஏணியடியில் நிற்கிறார்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒப்படைப்பு என்ற வீட்டுப்பாடம் உண்டு. வீட்டில் எழுதி அனுப்ப வேண்டும். மதிப்பீட்டில் அதற்கு 20 சதவீதப் பங்கு. பாடத்துக்கு 30 நேர்முக வகுப்புகள் அளவில் படிப்பு மையங்களில் விடுமுறை நாள்களில் நடத்தப்படுகின்றன. வருகை கட்டாயமில்லை. வேலைக்குப் போகிறவர்களைக் கருதிச் செய்த ஏற்பாடு இது; நல்ல எண்ணம்தான். ஆனால் வருகை கட்டாயமில்லை என்பது, வகுப்பு ஒழுங்காக நடப்பதும் கட்டாயமில்லை என்பதாகச் சில மையங்களில் பொருள் கொள்ளப்படுகிறது. மாணவர் வரவில்லை என்று ஆசிரியர் வருவதில்லை. ஆசிரியர் வரவில்லை என்று மாணவர் வருவதில்லை.

இந்த இடைவெளியில் ஒரு சந்தை முளைத்திருக்கிறது. விடை எழுதிய ஒப்படைப்புகள் விலைக்குக் கிடைக்கின்றன. ஜெராக்ஸ் கடைகளில் அச்சுப்படியாக விற்ற சரக்கு இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. ஏணிக் கணக்குக்கும் அதில் விடை உண்டு. நான்கே வரி, பார்த்து எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். கடைசி பெஞ்சுக்காரரிடமும் ஒருவர் கொண்டுவந்து நீட்டியிருக்கிறார். இவரும் வாங்கி எழுதினார். ஒப்படைப்பில் மதிப்பெண் கிடைத்தது. தேர்வுக்கூடத்தில் ஏணிக்குப் பதிலாகக் கொடிக்கம்பம் வந்தது, பேனா நின்றுவிட்டது. 9 வாய்ப்புகளில் ஒன்று அப்படிப் போயிற்று. இம்முறை விலைக்கு வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

அவர் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆசிரியை அவரைவிட இளையவர். அவர் இவரை 'பையா' என்கிறார். அண்ணா என்று பொருள். இவர் அவரை 'மேடம்' என்கிறார். அன்று காலை தயங்கித் தயங்கி எழுந்து, "மேடம், இதில் எது கர்ணம்?" என்று கேட்டபோது வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. எல்லோருக்கும் அதே சந்தேகம் இருந்ததுதான் காரணம்.

ஆசிரியை கரும்பலகையை விட்டுவிட்டு ஒரு காகிதத்தைச் சமபக்க முக்கோணமாக வெட்டினார். மூன்று பக்கமும் 2 அங்குலம். மூன்று கோணமும் 60 டிகிரி. அதை நடுவில் மடித்தார். பாதி முக்கோணத்தின் அடிப்பக்கம் 1 அங்குலமாகிவிட்டது. சாய்ந்த பக்கம் அதே 2. நிற்கும் பக்கம் பிதாகரஸ் கணக்குப்படி மூன்றின் வர்க்கமூலம், ஏறக்குறைய 1.73. மடித்த காகிதத்தை மேசை மீது நிறுத்தி, சாய்ந்த பக்கத்தில் விரலை வைத்தார். "பையா, இதுதான் உங்கள் ஏணி" என்றார். செங்கோணத்துக்கு எதிரே சாய்ந்திருப்பது எதுவோ அதுவே கர்ணம். ஏணி 2 அங்குலமானால் உயரம் 1.73 அங்குலம், ஏணி 10 மீட்டரானால் 8.66 மீட்டர். அதிக நேரம் ஆகவில்லை. அட்டவணையில் மர்மமாக நின்றிருந்த 30, 60 டிகிரி மதிப்புகள் ஒரு காகிதத் துண்டிலிருந்து வந்துவிட்டன.

அடுத்து அடி எவ்வளவு தள்ளி இருக்கும் என்று கேட்டார் ஆசிரியை. ஏணியில் பாதி, 5 மீட்டர். இதைக் கேட்டதும் வயரிங்காரர் தலையை ஆட்டினார். "மேடம், 10 மீட்டர் ஏணியை 5 மீட்டர் தள்ளி யாரும் வைப்பதில்லை. அடி வழுக்கி ஆள் விழுவான்."

அவர் சொன்னது சரி. நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற அளவில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும் என்பது தொழிற்பாதுகாப்பில் உலகெங்கும் பின்பற்றப்படும் விதி. 10 மீட்டர் ஏணிக்கு அது இரண்டரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கோணம் 75 டிகிரிக்குச் சற்று மேல். பாடநூல் 60 டிகிரியைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம், 30, 45, 60 ஆகியவற்றின் மதிப்புகளே எளிதாக எழுத வருபவை என்பதுதான். சதுரத்தையும் சமபக்க முக்கோணத்தையும் பாதியாக்கினால் கிடைக்கும் கோணங்கள் அவை. டேன்ஜென்ட் நான்கு என்று எழுதினால் அதுவே அவர் 21 ஆண்டுகளாகக் கையால் செய்துவரும் கணக்கு. பெயர் தெரியாமல் தினந்தோறும் போட்ட கணக்குக்குத்தான் அவர் இப்போது தேர்வு எழுத வேண்டியிருக்கிறது. பாடநூல் எழுதும் குழுக்களில் ஏணியில் ஏறியவர் எவரும் இருந்ததில்லை போலும்.

வயது வந்த பின் பத்தாம் வகுப்புக்குத் திரும்பியவர்களில் ஊரறிந்த பெயர்களும் உண்டு. ஹரியாணா முன்னாள் முதல்வர் ஓம் பிரகாஷ் சௌதாலா, ஆசிரியர் நியமன ஊழல் வழக்கில் 2013-இல் 10 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். திகார் சிறையில் இருந்தபடி திறந்தநிலைப் பள்ளித் தேர்வுகளை எழுதினார். விடுதலையான பின், 2021 ஆகஸ்டில் சிர்சாவில், பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளை எழுத்தர் ஒருவரின் உதவியுடன் எழுதியபோது அவருக்கு வயது 86. 2024 டிசம்பரில் காலமானார்.

ஜார்க்கண்டின் கல்வி அமைச்சராக இருந்த ஜகர்நாத் மஹதோ 1995-இல் பத்தாம் வகுப்பு தேறியவர். பத்தாம் வகுப்பு படித்தவருக்குக் கல்வித் துறையா என்ற ஏளனத்தைத் தாங்காமல் 2020 ஆகஸ்டில், 53 வயதில், பொகாரோ மாவட்டம் நாவாடீயில் உள்ள கல்லூரியில் பதினோராம் வகுப்பில் சேர விண்ணப்பம் கொடுத்தார். அடுத்த சில வாரங்களில் கொரோனா தாக்கியது. சென்னையில் நுரையீரல் மாற்று சிகிச்சை நடந்தது. 2023 ஏப்ரலில் சென்னையிலேயே உயிர் பிரிந்தது. 2022-இல் ஒடிஸாவில் புல்பானி தொகுதி எம்.எல்.ஏ. அங்கத கன்ஹர் 58 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினார்.

இத்தகைய செய்திகள் படத்துடன் வெளிவருகின்றன. எம்.எல்.ஏ.வுக்கும் அமைச்சருக்கும் பாடம் சொல்லித்தர ஆள் கிடைப்பது கடினமன்று. காவலாளியின் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்று எந்தப் படத்திலும் இல்லை.

சௌதாலாவின் கதையில் வேறொரு முரண் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கோ சட்டப்பேரவை உறுப்பினருக்கோ கல்வித் தகுதி எதையும் அரசியல் சட்டம் விதிக்கவில்லை. ஆனால் ஹரியாணா அரசு 2015-இல் ஊராட்சித் தேர்தல் சட்டத்தைத் திருத்தி, பொதுப் பிரிவு ஆண்கள் போட்டியிடப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றது. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சற்றுக் குறைந்த தகுதி. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு டிசம்பரில் ராஜ்பாலா வழக்கில் இதை ஏற்றுக்கொண்டது. பத்தாம் வகுப்பு தேறாமலே முதல்வர் நாற்காலியில் அமர்ந்தவர், அந்தச் சட்டப்படி தம் ஊரில் ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு மனுச் செய்ய முடியாது. இதே போன்ற சட்டத்தை ராஜஸ்தான் 2019-இல் நீக்கிவிட்டது. படிக்காதது குற்றமென்று தண்டிக்க அரசுக்குத் தோன்றுகிறது. படிக்க வருகிறவருக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டியது யார் பொறுப்பு என்பதைச் சட்டம் சொல்வதில்லை.

சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. உண்ணிகிருஷ்ணன் வழக்கில் 1993-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்டைக் கிழித்தது. 14 வயது வரை கல்வி அடிப்படை உரிமை. அதற்குப் பின் அரசின் பொருளாதாரத் திறனுக்கு உட்பட்டது. 2002-இல் நிறைவேறிய 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்தக் கோட்டையே 21-ஏ பிரிவாக எழுதி வைத்தது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரை என்றே நின்றது.

அந்தச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு கவனத்துக்குரியது. பள்ளியில் சேராமலோ பாதியில் நின்றோ போன பிள்ளையை அதன் வயதுக்குரிய வகுப்பில் சேர்க்க வேண்டும். மற்றவர்களுக்குச் சமமாக வர அதற்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். 14 வயது கடந்தாலும் எட்டாம் வகுப்பு முடியும்வரை இலவசக் கல்வி தொடர வேண்டும் என்கிறது அது. இடைவெளி விட்டு வருகிறவருக்குப் பாடநூல் மட்டும் போதாது, விட்டுப்போனதை நிரப்ப ஓர் ஆள் வேண்டும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இதுவே சான்று. எட்டாம் வகுப்போடு அந்த உணர்வு முடிந்துவிட்டது.

கோட்டை நகர்த்தும் பேச்சு எழாமலில்லை. மத்தியக் கல்வி ஆலோசனை வாரியம் 2011 ஜூனில் பத்தாம் வகுப்பு வரை உரிமையை நீட்டிக்கக் கொள்கை அளவில் இசைந்தது. கஸ்தூரிரங்கன் குழு 2019-இல் அளித்த வரைவுக் கல்விக் கொள்கை, மழலைக் கல்வியிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை சட்டத்தை விரிவாக்கப் பரிந்துரைத்தது. 2020 ஜூலை 29-இல் அமைச்சரவை ஒப்புதல் அளித்த இறுதி ஆவணத்தில் அந்தப் பரிந்துரை அதே வடிவில் இல்லை. 2030-க்குள் அனைவரும் பள்ளிக் கல்வி பெறும் இலக்கு இருக்கிறது. இலக்குக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை வழக்கறிஞர்கள் நிறைந்த அவைக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் அமைச்சரவை ஒப்புதல் அளித்த நாளில் அவை கூடியிருக்கவில்லை.

அதே ஆவணம் ஒளிக்காமல் தரும் புள்ளிவிவரங்கள் சில உண்டு. மொத்தச் சேர்க்கை விகிதம் 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் 90.9 சதவீதம், 9, 10 வகுப்புகளில் 79.3, 11, 12 வகுப்புகளில் 56.5. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 சுற்றின்படி 6 முதல் 17 வயது வரை பள்ளிக்கு வெளியே இருந்த பிள்ளைகள் 3.22 கோடி. சட்டத்தின் கோடு எங்கே முடிகிறதோ அங்கேயே சேர்க்கை சரியத் தொடங்குவதை இந்த எண்களில் காணலாம். அன்று வெளியே இருந்த பிள்ளைகளில் பலர் இன்று வயது வந்தவர்கள்.

வயது வந்தோருக்கான திட்டங்களுக்கும் குறைவில்லை. 1978-இல் தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம், 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம், 2009-இல் சாக்ஷர் பாரத். இப்போது 'உல்லாஸ்' என்று அழைக்கப்படும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2022 முதல் 2027 வரை 5 ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்டது. எழுத்தறிவோடு, பள்ளி வகுப்புகளுக்கு இணையான அடிப்படைக் கல்வியும் அதன் நோக்கங்களில் ஒன்று. ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். எழுத்தறிவு இலக்கு 5 கோடிப் பேர். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்கு 208 ரூபாய்க்கும் குறைவு. இந்த வகுத்தலுக்கு முக்கோணவியல் தேவையில்லை. கற்பிப்பவர்கள் பெரும்பாலும் ஊதியமில்லாத் தொண்டர்கள். எழுத்துக் கூட்டவும் கூட்டல் கழித்தலுக்கும் தொண்டர் போதும் என்றே வைத்துக்கொள்வோம். பின்னத்திலிருந்து டேன்ஜென்ட் வரை அழைத்துச் செல்லத் தொண்டு மட்டும் போதுமா என்பது கேள்வி.

திறந்தநிலைப் பள்ளியில் பதிவு செய்யும் 16 முதல் 19 வயது வரையிலான தாழ்த்தப்பட்ட, பழங்குடியின, மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தின் கீழ் வகுப்புக்கு 2,000 ரூபாய் வரை உதவி உண்டு. 20 வயது ஆகிவிட்டால் அதுவும் இல்லை.

திறந்தநிலைப் பள்ளியைப் பற்றி மக்களவையிலும் மாநிலங்களவையிலும் உறுப்பினர்கள் அவ்வப்போது கேள்வி கேட்கிறார்கள். பதிவு செய்தோர் எத்தனை, தேர்வு எழுதியோர் எத்தனை, தேறியோர் எத்தனை, மையங்கள் எத்தனை என்று மாநிலவாரியாகப் பட்டியல் வைக்கப்படுகிறது. பட்டியல் அளிக்கப்பட்டதும் கேள்வி முடிந்தது. நடந்த வகுப்புகள் எத்தனை, கணித ஆசிரியர் இருந்த மையங்கள் எத்தனை, கணிதத்தை எடுத்துப் பின் கைவிட்டவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பட்டியல் வேறு மாதிரி இருக்கும். கேட்கப்படாத கேள்விக்கு அமைச்சகம் தானாக விடை தர வேண்டிய கட்டாயமில்லை.

அரசுத் தரப்பில் சொல்லப்படும் பதில், பாடங்கள் தொலைக்காட்சியில் இருக்கின்றன என்பதுதான். சுயம் பிரபா அலைவரிசைகளில் திறந்தநிலைப் பள்ளிப் பாடங்கள் வருகின்றன; முக்த வித்யா வாணி என்ற இணைய வானொலியும் இருக்கிறது. நேரலையில் கேள்வி கேட்கவும் இடமுண்டு. பாடங்கள் தரமானவை என்றே ஆசிரியர்கள் கூறுகிறார்கள். ஆனால் எது கர்ணம் என்று கேட்க, முதலில் தனக்குத் தெரியாதது கர்ணம்தான் என்று தெரிந்திருக்க வேண்டும். அதைக் கண்டுபிடித்துச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்பும் ஒரு துண்டுக் காகிதமும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. பத்தாம் வகுப்பில் தவறியவர்களையும் தனித்தேர்வர்களையும் நம்பி ஊருக்கு ஊர் நடந்த டுடோரியல் கல்லூரிகளை மறந்திருக்க மாட்டார்கள். பணம் வாங்கினார்கள்; ஆனால் கேள்வி கேட்டால் விடை சொல்ல மேசைக்கு மறுபுறம் ஓர் ஆள் இருந்தார். முக்கோணவியலுக்கும் சென்னைக்கும் பழைய உறவு வேறு உண்டு. நாட்டின் நிலப்பரப்பை முக்கோணங்களாகப் பிரித்து அளந்த மாபெரும் நில அளவை 1802 ஏப்ரலில் பரங்கிமலைக்கு அருகே இழுத்த அடிக்கோட்டில்தான் தொடங்கியது.

சைன் என்ற சொல்லே ஆரியபட்டர் பயன்படுத்திய 'ஜ்யா' அரபு வழியாக லத்தீனுக்குப் போய்த் திரும்பி வந்த வடிவம் என்பதை மேடைகளில் பேசக் கேட்கலாம். அந்தச் சொல் திரும்பி வந்து சேர்ந்த வகுப்பறையில் மின்விசிறி அன்று ஓடவில்லை. இடைவேளையில் கடைசி பெஞ்சுக்காரர் மேசை மீது ஏறி அதைச் சரிசெய்தார்.

வகுப்பு ஒரு மணிக்கு முடிந்தது. ஒப்படைப்பில் இன்னும் இரண்டு கணக்குகள் பாக்கி. ஒன்று கோபுரத்தின் நிழல். மற்றொன்று ஒரே கட்டடத்தை இரு இடங்களிலிருந்து பார்க்கும் கணக்கு. அடுத்த வகுப்புக்கு முன் சந்தேகம் வந்தால் என்ன செய்வது என்று துணிக்கடைக்காரர் கேட்டார். ஆசிரியை சற்று யோசித்துவிட்டு, கரும்பலகையின் மூலையில் தம் கைப்பேசி எண்ணை எழுதினார். இரவு 9 மணிக்கு மேல் அழைக்கலாம், அதற்கு முன் வீட்டில் வேலை இருக்கும் என்றார். 11 பேரும் அதை நோட்டில் குறித்துக்கொண்டார்கள்.